கேஸ் ஏற்றும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

பழைய கடல்நீர் சில்லரில் சீரற்ற குளிர்ச்சி: தென்சென்னைப் புறநகர் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

“மெஷின் ஓடுது தம்பி. ஆனா ஒரு தொட்டி சில்லுனு இருக்கு, பக்கத்துத் தொட்டி வெதுவெதுன்னு கெடக்கு. போன மாசம்தான் கேஸ் போட்டாங்க.”

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இப்படி அழைப்பு வந்ததும், தாம்பரத்திலிருந்து கிளம்பும் ஏ.சி. மெக்கானிக் வண்டியில் முதலில் ஏற்றுவது கேஜும் கேஸ் சிலிண்டரும். அவை இருக்கட்டும். அவற்றுக்கு முன்னால் ஏற்ற வேண்டியவை மூன்று: நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர், 20 லிட்டர் பக்கெட், ஒரு நோட்டு.

கேஸ் ஓடும் பாதை மூடி முத்திரையிட்டது. கசிவு இல்லாவிட்டால் அதில் எதுவும் குறையாது. தண்ணீர் ஓடும் பாதையோ நாள்தோறும் மாறுகிறது. உப்பு படிகிறது, பாசி பிடிக்கிறது, கொட்டலசு ஒட்டுகிறது, வால்வை யாரோ திருகிவிடுகிறார்கள். ஆகவே சீரற்ற குளிர்ச்சியைத் தேடும் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அடுத்து காற்று, பிறகு சென்சாரும் கரண்டும், கடைசியில் கேஸ். இந்த வரிசையைப் பழகிக்கொண்டவருக்கு இந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் வேலை உண்டு.

வேலை எங்கே இருக்கிறது?

வீட்டு ஏ.சி. வேலை மார்ச் முதல் ஜூன் வரை மூச்சுவிட நேரம் தராது. ஐப்பசி மழை தொடங்கியதும் போன் அடங்கிவிடும். கடல்நீர்த் தொட்டிகளுக்கு அப்படிப் பருவம் கிடையாது. டிசம்பரிலும் பகல் வெப்பம் 29 டிகிரியைத் தொடும் ஊர் இது. பவளம் வளர்க்கும் தொட்டிக்கு 24 முதல் 26 டிகிரி வேண்டும். எனவே சில்லர் பன்னிரண்டு மாதமும் ஓடியாக வேண்டும்.

பவளத் தொட்டிகளைப் போலவே இறால் பொரிப்பகங்களுக்கும் சில்லர் வேண்டும். இந்தியாவில் வனாமி இறால் வளர்ப்புக்கு 2009-இல் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் முதலில் தங்கும் இடம் நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையம். கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அதை நடத்துகிறது. அங்கிருந்து தெற்கே மாமல்லபுரம், மரக்காணம் வரை கரையோரமாக இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. தாய் இறால் தொட்டியின் நீர் 28 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சூடு ஏறிக்கொண்டே போனால் ஆண் இறாலின் விந்துத் தரம் கெடும், முட்டை பொரிவது குறையும். பொரிப்பகத்துக்காரருக்கு ஒரு டிகிரி என்பது நேரடியாகப் பணம்.

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பரிசோதனைக் களம் இருக்கிறது. கொடுவா மீனை அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்வதில் 1997-இல் வெற்றி கண்ட நிறுவனம் அது. வாணியஞ்சாவடியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம், பள்ளிக்கரணையில் 1993-இல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறந்த கடல்மீன் காட்சியகம் என்று இந்தப் பக்கமே கடலோடு பிணைந்தது. இவை போன்ற பெரிய இடங்களின் பராமரிப்பு வேலை டெண்டர், ஒப்பந்தம் வழியாகப் போகும். தனி மெக்கானிக்குக்கு நேராக வரும் அழைப்புகள் சின்னப் பொரிப்பகம், மீன் கடை, வேளச்சேரி, மேடவாக்கம் அடுக்ககங்களில் பவளத் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் ஆகியவற்றிலிருந்துதான்.

தாம்பரத்துக்காரருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்குப் போகலாம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கும் போகலாம். இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரம்.

எந்த வகைச் சீரின்மை?

வாடிக்கையாளர் ‘சரியாகக் குளிரவில்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். அதை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

ஒன்று, இடத்துக்கு இடம் வேறுபாடு. ஒரு தொட்டி குளிர்கிறது, மற்றொன்று குளிரவில்லை. இது பெரும்பாலும் குழாய், வால்வு, பம்ப் விவகாரம்.

இரண்டு, நேரத்துக்கு நேரம் வேறுபாடு. காலையில் சரி, பிற்பகலில் ஏறுகிறது. அல்லது பத்து நிமிடம் குளிர்ந்து, பிறகு நின்று, மறுபடி குளிர்கிறது. இது கண்டென்சர் காற்று, வோல்டேஜ், சென்சார் ஆகியவற்றில் ஒன்றின் வேலை.

மூன்று, மெஷினுக்குள்ளேயே வேறுபாடு. காயிலின் ஒரு பாதியில் ஐஸ் பிடிக்கிறது, மறு பாதி வெதுவெதுப்பு. இரட்டைக் கம்ப்ரசர் மெஷினில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது. இங்கேதான் கேஸ் பக்கத்துச் சந்தேகம் நியாயமாகிறது.

கூடவே நான்கு கேள்விகள்: எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன் என்ன மாற்றினீர்கள்? புதுத் தொட்டியோ பம்போ சேர்த்தீர்களா? கடைசியாக ஃபில்டர் கழுவியது எப்போது? பாதி நோய் இந்தப் பதில்களிலேயே வெளிப்படும்.

முதல் அரை மணி நேரம்: அளப்பது மட்டும்

எதையும் கழற்றாமல் ஆறு வெப்பநிலைகளை நோட்டில் எழுதுங்கள். சில்லருக்குள் போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர், அருகிலுள்ள தொட்டி, தூரத்துத் தொட்டி, கண்டென்சருக்குள் நுழையும் காற்று, வெளியேறும் காற்று. நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து தண்ணீரின் வேகம். தொட்டியில் விழும் குழாயைப் பக்கெட்டுக்குத் திருப்பி, 20 லிட்டர் நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 24 வினாடி என்றால் மணிக்கு 3,000 லிட்டர். 60 வினாடி என்றால் மணிக்கு 1,200 லிட்டர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு ஓடும் லிட்டரை, உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி, 3,000-ஆல் வகுத்தால் மெஷின் அந்த நேரத்தில் தரும் குளிர்ச்சி ஏறத்தாழ எத்தனை டன் என்று கிடைக்கும். ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட். கடல்நீர் ஒரு லிட்டருக்கு எடுத்துச் செல்லும் வெப்பம் நல்லதண்ணீரைவிடச் சற்றே குறைவு. வித்தியாசம் சிறியது, தோராயக் கணக்குக்கு இந்த 3,000 போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு டன் சில்லரில் தண்ணீர் 28 டிகிரியில் உள்ளே போய் 25.5 டிகிரியில் வருகிறது. வித்தியாசம் 2.5. “நல்லாத்தானே குளிருது” என்று தோன்றும். பக்கெட் சொல்வதோ மணிக்கு 1,200 லிட்டர். கணக்குப்படி ஒரு டன். அதாவது மெஷின் தன் முழு வேலையையும் செய்கிறது. குறை ஓட்டத்தில்தான். அந்த ஓட்டம் எல்லாத் தொட்டிக்கும் போதாததால் தூரத்துத் தொட்டி சூடாகக் கிடக்கிறது. இந்த மெஷினில் கேஸ் ஏற்றினால் பணமும் போகும், கம்ப்ரசரும் போகும்.

மாறாக, ஓட்டம் மணிக்கு 3,000 லிட்டர் இருந்து வித்தியாசம் 0.3 டிகிரிதான் என்றால், ஒரு டன் மெஷின் மூன்றில் ஒரு பங்குகூடத் தரவில்லை. இப்போது காற்று, கரண்டு, கேஸ் என்று வரிசையாகப் போகலாம்.

மெஷின் பலகையில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் கம்ப்ரசர் மோட்டாருடையது. அதை அப்படியே டன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயில் ஏற ஏறக் குளிர்ச்சி குறையும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. மிதமான வெப்பத்துக்கு அளவிட்டு விற்ற மெஷின் அப்படிப்பட்ட நாளில் பலகையில் போட்டதைத் தராது.

தண்ணீர்ப் பக்கம்

பம்பின் வாயில் இருக்கும் வலை, ஸ்பாஞ்ச், ஃபில்டர் பை ஆகியவற்றை முதலில் கழுவுங்கள். பிறகு மறுபடி பக்கெட்டில் அளங்கள். பல அழைப்புகள் இங்கேயே முடிந்துவிடும்.

நேராகக் கடல்நீர் இழுக்கும் பொரிப்பகங்களில் குழாயின் உட்புறத்தில் கொட்டலசும் சிப்பியும் வளரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு அங்குலக் குழாய், உள்ளே வழி ஓர் அங்குலம். ஒரு யூனியனைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழாயின் உயரமான வளைவில் காற்று அடைத்துக்கொண்டால் ஓட்டம் விட்டுவிட்டு வரும். அங்கே ஒரு சின்ன ஏர் வால்வு வைப்பது நிலையான தீர்வு.

ஒரே சில்லர் இரண்டு மூன்று தொட்டிகளுக்கு ஓடும்போது தண்ணீர் எளிய வழியில்தான் போகும். அருகிலுள்ள தொட்டி நிறைய வாங்கிக்கொள்ளும். தூரத்து வால்வை முழுதும் திறந்து பயனில்லை, அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். அருகிலுள்ள தொட்டியின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் பக்கெட் பிடித்து, ஓட்டம் தேவைக்கேற்பப் பிரிந்ததும் வால்வின் கைப்பிடியில் பெயின்ட் குறி போடுங்கள். அடுத்த முறை யாராவது திருகினால் குறி காட்டிக்கொடுத்துவிடும்.

வெயிலில் போகும் குழாய்க்கு இன்சுலேஷன் இருக்கிறதா? மொட்டைமாடி வழியே வெறும் பி.வி.சி. குழாய் போனால், சில்லர் எடுத்த சூட்டில் ஒரு பங்கை வெயில் திருப்பிக் கொடுத்துவிடும். பம்பையும் கவனியுங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கும் கரண்டு முழுவதும் கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே வெப்பமாகச் சேரும். ஓட்டம் போதவில்லை என்று 350 வாட் பம்ப் ஒன்றை உள்ளே போட்டால், ஒரு டன் சில்லரின் பத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

எவாப்பரேட்டர் காயிலில் சுண்ணாம்பும் சளிப்படலமும் படிந்திருந்தால், சில்லரைத் தொட்டியிலிருந்து பிரித்து, தனி வாளியும் சின்ன பம்பும் வைத்து சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுழலவிடுங்கள். நுரை அடங்கும்வரை ஓட்டி, நல்லதண்ணீரில் பலமுறை அலசி, பிறகு இணையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை இதில் ஊற்றவே கூடாது. அது காயிலின் உலோகத்தை அரிக்கும், மிச்சம் தொட்டிக்குப் போனால் உயிர்களையும் கொல்லும்.

காற்றுப் பக்கம்

பிற்பகலில் மட்டும் குளிர்ச்சி குறைந்தால் கண்டென்சரைப் பாருங்கள். கடற்கரையில் உப்புக் காற்று அலுமினிய இதழ்களைப் பொடியாக்கும். வெளியே காயில் நன்றாகத் தெரிந்தாலும், விரல் பட்டதும் இதழ் உதிர்ந்தால் அது செம்புக் குழாயோடு பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். கழுவிப் பயனில்லை, காயிலை மாற்றச் சொல்லுங்கள்.

நன்றாக இருக்கும் காயிலை மென்மையான நீர்வீச்சில், காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து கழுவுங்கள். கடலோரத்தில் மாதம் ஒரு முறை நல்லதண்ணீர்க் கழுவல், கண்டென்சரின் ஆயுளைக் கூட்டும் மலிவான மருந்து.

வீடுகளில் அதிகம் காணும் தவறு ஒன்று உண்டு. தொட்டிக்குக் கீழே மர அலமாரிக்குள் சில்லரைப் பூட்டி வைப்பார்கள். வெளியேறும் சூடான காற்று சுற்றி மறுபடி உள்ளேயே நுழையும். கண்டென்சர் வாயில் 33 டிகிரிக்குப் பதில் 42 காட்டும். அறை வெப்பத்தையும் கண்டென்சர் வாயின் வெப்பத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் 3 டிகிரிக்கு மேல் என்றால் மெஷினைத் தொட வேண்டியதில்லை, அலமாரியைத் திறக்கச் சொன்னால் போதும்.

தண்ணீரால் குளிரும் கண்டென்சர் உள்ள பெரிய மெஷின்களில் சுற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். கடினநீர் படிவம் அங்கே முதல் எதிரி.

சென்சாரும் கரண்டும்

சென்சாரைச் சோதிக்க ஒரு டம்ளரில் ஐஸை உடைத்துப் போட்டு, கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சென்சார் 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் தவறினால் சரிப்படுத்துங்கள் அல்லது மாற்றுங்கள். கடல்நீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். உப்பு, உறைநிலையைக் கீழே இறக்கிவிடும்.

அது எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். சில்லரிலிருந்து குளிர்நீர் விழும் இடத்திலேயே சென்சார் இருந்தால், தொட்டி குளிரும் முன்பே மெஷின் நின்றுவிடும். எல்லாத் தொட்டிகளின் நீரும் கலந்து திரும்பும் சம்ப்பில் வையுங்கள். ஆன், ஆஃப் இடைவெளியை ஒரு டிகிரியாக வையுங்கள். 0.2 டிகிரி என்று இறுக்கினால் கம்ப்ரசர் நிமிடத்துக்கு நிமிடம் துடிக்கும். நின்ற கம்ப்ரசர் மறுபடி கிளம்ப மூன்று நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

மாலையில் மட்டும் கோளாறு என்றால் வோல்டேஜைப் பாருங்கள், அதுவும் கம்ப்ரசர் ஓடும்போது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 200-க்குக் கீழே போனால் மோட்டார் அதிகக் கரண்டு இழுத்துச் சூடாகி, ஓவர்லோடில் நிற்கும். ஆறியதும் தானாகக் கிளம்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ‘விட்டுவிட்டுக் குளிருது’. கெப்பாசிட்டரின் மதிப்பையும் மீட்டரில் பாருங்கள். பலகையில் போட்டிருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும். தொட்டியில் கைவிடும் முன் மெயினை அணையுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லாத இடத்தில், அதைப் பொருத்தச் சொல்வதே உங்கள் முதல் பரிந்துரையாக இருக்கட்டும்.

இனி கேஸ்

முன்சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் கேஜ் மாட்டலாம். முதலில் எந்த கேஸ் என்று பலகையில் பாருங்கள். 10 டிகிரியில் கொதிக்க ஆர்-22-க்கு சக்‌ஷன் அழுத்தம் சுமார் 84 பி.எஸ்.ஐ, ஆர்-134ஏ-வுக்குச் சுமார் 45. ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் பொருத்தி ‘கேஸ் கம்மி’ என்று தீர்ப்புச் சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை.

அழுத்தத்தோடு சூப்பர்ஹீட்டையும் பாருங்கள். சக்‌ஷன் குழாயின் வெப்பத்திலிருந்து, கேஜ் காட்டும் கொதிவெப்பத்தைக் கழித்தால் அது கிடைக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வு உள்ள மெஷினில் 5 முதல் 8 டிகிரி இருந்தால் நலம்.

• சக்‌ஷன் குறைவு, சூப்பர்ஹீட் அதிகம்: கேஸ் கசிந்திருக்கிறது, அல்லது வழியில் அடைப்பு. ஃபில்டர் டிரையரின் இரு முனைகளையும் தொட்டு அளங்கள். வெளியேறும் முனை தெளிவாகக் குளிர்ந்திருந்தால் அடைப்பு அங்கேதான்.

• சக்‌ஷன் குறைவு, சூப்பர்ஹீட்டும் குறைவு: தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது காயில் படிந்திருக்கிறது. இங்கே கேஸ் ஏற்றினால் திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பி வால்வை உடைக்கும்.

• சக்‌ஷன், டிஸ்சார்ஜ் இரண்டும் அதிகம்: கண்டென்சர் அழுக்கு, அல்லது அளவுக்கு மீறி ஏற்றிய கேஸ்.

• சக்‌ஷன் அதிகம், டிஸ்சார்ஜ் குறைவு: கம்ப்ரசர் வால்வு தேய்ந்துவிட்டது.

• முள் நிற்காமல் ஏறி இறங்குகிறது: எக்ஸ்பான்ஷன் வால்வின் பல்பு குழாயை விட்டுத் தளர்ந்திருக்கலாம். இறுக்கிக் கட்டி, இன்சுலேஷன் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வால்வில் உறைந்து அடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது கொதிவெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போகும் மெஷின்களில் மட்டுமே.

கேஸ் தேய்ந்து தீரும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் அழுத்தி, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைத்து, 500 மைக்ரான் வரை வேக்வம் இழுத்து, எடை போட்டு ஏற்றுங்கள். சோதனைக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-407சி போன்ற கலவை வாயு கசிந்திருந்தால் மீதியை மீட்டெடுத்துவிட்டு, புதிதாகத் திரவ நிலையில் ஏற்றுங்கள். கலவையின் விகிதம் மாறினால் குளிர்ச்சியும் மாறும்.

பழைய மெஷின்களில் ஆர்-22 இன்னும் ஓடுகிறது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா அந்த வகை வாயுக்களை 2030-க்குள் படிப்படியாகக் கைவிடுகிறது. பழைய கருவிகளின் பராமரிப்புக்கு மட்டும் அதன்பின் சிறு அளவு அனுமதி. அந்த உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தை 2021-இல் இந்தியா ஏற்றிருப்பதால், ஆர்-134ஏ, ஆர்-410ஏ வகைகளும் 2032 முதல் குறையத் தொடங்கும். வாயுவைக் காற்றில் விடாமல் மீட்டுச் சேர்ப்பது இப்போதே பழக வேண்டிய வேலை.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

எவாப்பரேட்டர் குழாய் ஓட்டையாகிக் கடல்நீர் கேஸ் பாதைக்குள் புகுந்துவிட்டால், அந்த மெஷினில் காசு செலவழிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். உப்பும் ஈரமும் கம்ப்ரசர் எண்ணெயோடு கலந்தபின் எதைக் கழுவினாலும் மிச்சம் இருக்கும். தொட்டி நீரில் எண்ணெய்ப் படலம், சைட் கிளாஸில் பால் நிறம் ஆகியவை இதன் அடையாளங்கள். டைட்டேனியம் காயில் நலமாக இருந்து கம்ப்ரசர் மட்டும் போயிருந்தால் மாற்றிப் போடுவது லாபம். ஏனெனில் இந்த மெஷினில் விலை கூடிய உறுப்பு டைட்டேனியம்தான், கடல்நீர் அதை அரிப்பதில்லை.

செம்புக் காயிலை மலிவுக்காகக் கடல்நீரில் இறக்கும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். செம்பு கரைந்தால் இறாலும் பவளமும் சாகும்.

தண்ணீருக்குள் உயிர் இருக்கிறது

வீட்டு ஏ.சி.யை நான்கு மணி நேரம் அணைத்தால் ஆட்களுக்கு வியர்க்கும், அவ்வளவுதான். இங்கே நிலைமை வேறு. 25 டிகிரிக் கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் 6.2 ஆகக் குறையும். அதே நேரத்தில் சூடேறிய மீனும் இறாலும் அதிகமாக மூச்சு வாங்கும். எனவே சில்லரை அணைக்கும் முன் காற்றுக் கற்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பழுது நீங்கியதும் அவசரமாகக் குளிர வைக்காதீர்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். பவளத் தொட்டி என்றால் இன்னும் மெதுவாக, ஒரு நாளில் ஒன்றிரண்டு டிகிரி.

பொரிப்பகத்தில் நுழையும்போது கைகால் கழுவி, அவர்கள் சொல்லும் கிருமிநாசினியில் கால் வைத்துப் போங்கள். ஒரு பண்ணையில் நனைத்த பக்கெட்டை அடுத்த பண்ணைக்கு அப்படியே கொண்டு போகாதீர்கள். இறால் நோய் அந்த ஈரத்திலேயே பயணம் செய்யும்.

பேச்சும் பில்லும்

“சார், கேஸ் போடவே தேவையில்லை. ஓட்டம்தான் கம்மி. கழுவி, வால்வு செட் பண்ணியிருக்கேன். முன்னாடி 1,200 லிட்டர், இப்ப 2,800. நீங்களே பாருங்க.” இப்படிச் சொல்லிக் கையில் தாளைக் கொடுத்தால், அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு யாரையும் அழைக்க மாட்டார்.

பில்லில் ‘சர்வீஸ்’ என்று ஒரு வரி எழுதி முடிக்காதீர்கள். வருவதற்கு முன் இருந்த அளவுகள், போகும்போது இருக்கும் அளவுகள், செய்த வேலை, அடுத்துச் செய்ய வேண்டியது ஆகிய நான்கையும் எழுதுங்கள். கண்டுபிடிப்புக்கான கட்டணத்தைத் தனியாகப் போடுங்கள். கேஸ் விற்றால்தான் வருமானம் என்ற நிலை இருக்கும்வரை, தேவையில்லாத இடத்திலும் கேஸ் ஏற்றச் சொல்லி மனம் இழுக்கும். அளப்பதற்கே கூலி வாங்கப் பழகினால் நேர்மையாக இருப்பது எளிதாகும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவி, அளந்து, நோட்டில் எழுதித் தரும் ஆண்டு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். பத்துத் தொட்டிக்காரர்கள் சேர்ந்தால், மழை மாதத்தில் கையில் காசு இல்லாத நிலை மாறும்.

படிப்பும் கருவியும்

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ-யில் குளிர்பதன, குளிர்சாதன மெக்கானிக் தொழிற்பிரிவில் சேரலாம். இரண்டாண்டுப் படிப்பு. முடித்தபின் அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். சில்லர் பிளான்ட் உள்ள தொழிற்கூடமோ மருத்துவமனையோ கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஸ்பிளிட் ஏ.சி. மட்டும் பார்த்தவருக்குத் தண்ணீர்ப் பக்கம் பழக்கமாக நாளாகும். கப்பலில் குளிர்பதன வேலை பார்க்கும் ஆசை உள்ளவர்கள், கடல்சார் படிப்புக்கு உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் கானாத்தூரில் அமெட் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

கருவிகளை இந்த வரிசையில் வாங்குங்கள்: இரண்டு முனை டிஜிட்டல் தெர்மாமீட்டர், கிளாம்ப் மீட்டர், கெப்பாசிட்டர் அளக்கும் மல்டிமீட்டர், கேஜ் செட், நைட்ரஜன் ரெகுலேட்டர், வேக்வம் பம்பும் மைக்ரான் கேஜும், எடை இயந்திரம், கடைசியில் கேஸ் மீட்கும் மெஷின். முதல் மூன்றும் கையில் இருந்தாலே பெரும்பாலான சீரற்ற குளிர்ச்சிக்குக் காரணம் கண்டுபிடித்துவிடலாம்.

மீன்களைப் பற்றியும் கொஞ்சம் படியுங்கள். கொடுவாவுக்கு என்ன வெப்பம், தாய் இறாலுக்கு என்ன, பவளத்துக்கு என்ன என்று தெரிந்த மெக்கானிக்கிடம் பண்ணைக்காரர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

தம்பிகளே, தங்கைகளே, தெருவுக்கு நாலு பேர் கேஸ் ஏற்றத் தயாராக இருக்கிறார்கள். அளந்து, எழுதி, காரணம் சொல்பவர்கள்தான் குறைவு. அடுத்த அழைப்புக்குக் கிளம்பும்போது சிலிண்டருக்கு முன்னால் தெர்மாமீட்டரையும் பக்கெட்டையும் நோட்டையும் வண்டியில் ஏற்றுங்கள். உங்கள் தொழிலும் நிற்கும், அந்தத் தொட்டியில் இருக்கும் உயிர்களும் பிழைக்கும்.